பூவலாற்றின் ஐந்து கால்கள்

கடித எண்: 1
நாள்: 05.06.2024, புதன்கிழமை, முற்பகல் 10.15
இடம்: இடலாக்குடி, கோட்டாறு

அன்புள்ள மருமகள் ஜஸ்னாவுக்கு மாமா கமருதீன் எழுதுவது. உன்மீது இறைவனின் சாந்தி உண்டாவதாக. இங்கு என் இரத்த அழுத்தம் மருந்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. உன் உடல்நிலையை விவரமாக எழுது; ‘நலம்’ என்ற ஒற்றைச் சொல்லை நான் பதிலாக ஏற்பதில்லை.

நான் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். தொடங்கியது 14.01.2021, முடித்தது சென்ற 31.05.2024 வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு. தலைப்பு ‘தென்னாழிக் காண்டம்’. தென்னாழி நாட்டை எந்த உலகப்படத்திலும் தேடாதே. அது முழுக்க முழுக்க என் கற்பனை. செங்கோதை என்னும் பெண் மாலுமியின் தலைமையில் ஏழு கப்பல்களில் ஒரு கூட்டம் புறப்பட்டு, மனிதர் காலடியே படாத அந்நாட்டில் வந்து இறங்குகிறது. அதற்குப் பிந்திய நூறாண்டுகளின் கதை.

வடசேரியில் அச்சகமும் சிறு பதிப்பகமும் நடத்தும் என் நண்பர் ஞானதாசன் அதைப் படித்தார். “கதை கொள்ளாம் வே. ஆனா நூறாவது பக்கத்துல நான் வழி தெரியாம நின்னுட்டேன். எந்த ஊரு எந்தப் பக்கம்னு ஒரு படம் போடும்” என்றார். பொதுப்பணித் துறையின் கால்வாய்ப் பிரிவில் வரைவாளனாக இருந்து ஓய்வு பெற்றவனிடம் ஒருவர் படம் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? பென்சிலில் வரைந்து கொடுத்தேன். இது ஆபீசு வரைபடம், நாவலுக்கு வேண்டியது வண்ணத்தில் இரு பக்கம் விரியும் படம், கணினியில் செய்தால்தான் அச்சுக்குச் சரிவரும் என்று திருப்பித் தந்துவிட்டார். செப்டம்பரில் அச்சேற்ற எண்ணியிருக்கிறார்.

கணினியில் வரையத் தெரிந்தவர் நம் குடும்பத்தில் ஒருவரே. ஆகவே எழுதுகிறேன்.

பதிலை ஞானதாசன் அச்சக முகவரிக்கு அனுப்பு. அலைபேசியில் அழைக்க வேண்டாம். அது எப்போதும் என் தங்கையின், அதாவது உன் உம்மாவின் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது.

உன் மாமா,
கமருதீன்

இணைப்பு: 1. பென்சில் வரைபடம், ஏழு தாள்கள். 2. நாவலின் தட்டச்சுப் படி. 3. தென்னாழி நாட்டு ஆண்டுக்கணக்குக் குறிப்பு.

*

பெங்களூரு
ஜூன் 16

மாமாவுக்கு ஜஸ்னாவின் ஸலாம்.

விவரமாக: காய்ச்சல் இல்லை, முடி கொட்டுகிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், பக்கத்து அறைப் பெண் நன்றாகச் சமைக்கிறாள். போதுமா?

இரண்டு வருடம் கழித்து உங்கள் கையெழுத்தைப் பார்க்கிறேன். மண்டபம் வரை பேசி முடித்த கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் ரயிலேறிய பிறகு, வீட்டிலிருந்து வந்த முதல் காகிதம் இது. பிரிக்கப் பயந்து ஒரு நாள் முழுக்க மேசையிலேயே வைத்திருந்தேன். பிரித்தால் உள்ளே ஒரு நாடு இருக்கிறது!

மாமா, இங்கே ஒரு கம்பெனியில் போன் விளையாட்டுகளுக்குப் படம் வரைகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். என்ன படம் என்று தெரியாது. பாறை. காலை முதல் மாலை வரை பாறை. பாசி பிடித்தது, பிடிக்காதது, மேலே பனி உள்ளது. ஒரு முழு நாட்டை வரைந்து தா என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நாவலை ஒரே மூச்சில் படித்தேன். செங்கோதை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆள் கொஞ்சம் கோபக்காரி.

வேலையைத் தொடங்கிவிட்டேன். உங்கள் ஏழு தாளையும் ஸ்கேன் செய்து ஒட்டி, அதன்மேல் லேயர் லேயராக வரைகிறேன். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மாதிரி: ஒன்றில் கடற்கரை, ஒன்றில் மலை, ஒன்றில் ஆறு. வேண்டாத தாளை உருவிவிடலாம், மற்றவை அப்படியே இருக்கும். உங்களுக்கு இது பிடிக்கும்.

கேள்விகள்: ஒரு அங்குலத்துக்கு எத்தனை மைல்? மலையின் உயரம் என்ன? கடலுக்கு என்ன நிறம்?

வீட்டில் எல்லோரும் சுகமா?

ஜஸ்னா

*

கடித எண்: 2
நாள்: 24.06.2024, திங்கட்கிழமை, பிற்பகல் 3.40
இடம்: இடலாக்குடி

அன்பு மருமகளுக்கு, இறையருளால் நலமே சூழ்க. உன் கடிதத்தில் ஆண்டும் நேரமும் குறிக்கப்படவில்லை. நாடு வரைபவள் நாளைத் தவறவிடலாகாது. முடி கொட்டுவதற்குத் தேங்காய் எண்ணெய் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியாது.

உன் வினாக்களுக்கு விடை: அங்குலத்துக்கு எட்டு மைல். மேற்கு மலையின் உச்சி நாலாயிரத்து இருநூறு அடி. கடல், ஆடி மாதத்தில் குளச்சலில் தெரியும் நிறம்.

பூவலாறு பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அதுவே நாட்டின் உயிர். மலையடிவாரத்தில் அது ஐந்து கால்களாகப் பிரிகிறது. ஐந்தும் தனித்தனியே ஐந்து வயல்வெளிகளுக்குப் பாய்ந்து, ஐந்து முகத்துவாரங்களில் கடலை அடைகின்றன. செங்கோதையின் கப்பல்கள் முதல் நாளிலேயே இந்த ஐந்து முகங்களைக் கண்டு வியந்து நிற்கும் இடம் எனக்கு மிகவும் பிரியமான பகுதி. ஒரு காலைக்கூட விட்டுவிடாதே. இந்தப் படம் வண்ணத்தில் எப்படி வரும் என்று எண்ணும்போதே கை பரபரக்கிறது.

வீட்டைக் கேட்டிருந்தாய். 17.06.2024 அன்று ஹஜ்ஜுப் பெருநாள். வீட்டில் நானும் உன் உம்மாவும் மட்டுமே. ஆயினும் பிரியாணி பழைய அளவிலேயே சமைக்கப்பட்டது. மூன்று நாள் உண்டோம். அவளுடைய மூட்டுவலி முன்போலவே.

கமருதீன்

இணைப்பு: 1. பூவலாற்றின் நீள்வெட்டு வரைபடம். 2. முகத்துவாரங்களின் பெயர்கள்.

*

பெங்களூரு
14.07.2024, ஞாயிறு, மாலை 6.05 (பார்த்தீர்களா?)

அன்பு மாமாவுக்கு ஸலாம். எண்ணெய் தேய்க்கிறேன். உங்கள் அழுத்தம் எப்படி?

முதல் படியை இத்துடன் அனுப்புகிறேன். மலை நிழலுக்கு மட்டும் ஒரு வாரம் போனது. மேற்கில் வெயில் விழுந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்து ஒவ்வொரு முகடாகத் தடவித் தடவி வைத்தேன். உங்கள் நாவலில் வரும் பூச்சிமுள் காட்டில் மரங்களை ஒவ்வொன்றாக நட்டேன். நகல் எடுத்து ஒட்டவில்லை. எங்கள் கம்பெனியில் பாறைக்குப் பொறுப்பானவர் எட்டிப் பார்த்துவிட்டு, இது எந்த விளையாட்டுக்கு என்று கேட்டார். என் மாமாவின் நாடு என்றேன்.

ஒரு விஷயம். கற்பனை நிலப்படம் வரைபவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அங்கே இதைப் போட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் நார்வேக்காரர் ஒருவர் ஆற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டார். ஆறுகள் சேரும், பிரியாது. புதிதாக வரைபவர்கள் செய்யும் முதல் தப்பு இது என்றார். கடலுக்குப் பக்கத்தில் கழிமுகத்தில் பிரியலாம், மலையடியிலேயே ஐந்தாகப் பிரிவது நடக்காத காரியமாம். யோசித்தால் சரிதான் என்று தோன்றியது. அதனால் ஐந்தையும் ஒன்றாக்கிவிட்டேன். இப்போது பூவலாறு அகலமாக, ரொம்ப அழகாக இருக்கிறது.

இன்னொன்று. புத்தக வெளியீட்டுக்கு நான் ஊருக்கு வரலாமா? விழாவை மட்டும் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறேன்.

வீட்டில் மூட்டுவலி குறைந்ததா?

ஜஸ்னா

*

கடித எண்: 3
நாள்: 22.07.2024, திங்கட்கிழமை; முற்பகல் 9.00
இடம்: இடலாக்குடி

மருமகள் ஜஸ்னாவுக்கு, நலம். நலமறிய அவா. என் அழுத்தம் உயர்ந்துள்ளது, காரணம் கீழே.

முதலில், மலை. அந்த நிழலைக் கண்டு நான் எழுந்து நின்றுவிட்டேன். ஞானதாசன் தம் அச்சகத்தார் அனைவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

இரண்டாவது, ஆறு. அந்த நார்வேக்காரர் நாஞ்சில் நாட்டைக் கண்டதுண்டா என்று கேட்டு எழுது. பழையாற்றை அவர் பார்த்திருக்கிறாரா? அனந்தனாறு, புத்தனாறு, தோவாளைக் கால் இவையெல்லாம் என்ன, ஆறு பிரியாமல் வானத்திலிருந்து விழுந்தவையா? நம் ஊரில் ஒவ்வோர் அணையிலும் ஆறு பிரிகிறது. பிரிந்த கால் மறுபடியும் பிரிகிறது. கடைசியில் ஒரு முழ அகலத்தில் வயலுக்குள் நுழைகிறது. ஆறு பிரியாவிட்டால் நெல் ஏது? என் பணிக்காலம் முழுதும் இந்தக் கால்களின் கரையில் நடந்தே கழிந்தது. ஆறு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் பனியில் இருப்பவர் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து கால்களையும் இருந்த இடத்தில் இருந்தபடியே திரும்ப வை.

கமருதீன்

இணைப்பு: பூவலாற்றின் ஐந்து கால்கள், அளவுகளுடன், மையில்.

*

பெங்களூரு
04.08.2024, ஞாயிறு, காலை 11.20

மாமாவுக்கு ஸலாம். கோபம் தணிந்து அழுத்தமும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஐந்து கால்களையும் திரும்ப வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள், உங்கள் நாட்டில் உங்களைக் கேட்காமல் கை வைத்தது தப்பு.

ஆனால் வைக்கும்போது ஒன்றைப் பார்த்தேன். உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மாமா. நீங்கள் மையில் போட்டுத் தந்த அளவுகளை அப்படியே உயர லேயரின்மேல் வைத்தேன். மேடு வெளிர் நிறம், பள்ளம் கருநிறம். வலப்பக்கத்துக் கால் பள்ளத்துக்கு இறங்கவே இல்லை. வெளிர் நிறத்தின் விளிம்பிலேயே, மேட்டை ஒட்டி, வளைந்து வளைந்து போகிறது. நாலாவது காலும் அப்படியே. தண்ணீர் தானாகப் போனால் அப்படிப் போகாதே. வயல் கீழே இருக்க வேண்டும் என்பதற்காக யாரோ அதை மேட்டிலேயே நிறுத்தி நடத்திக்கொண்டு போகிறார்கள்.

அனந்தனாறு தானாகப் பிரிந்ததா, மாமா? யாரோ வெட்டினார்கள், இல்லையா?

அப்படியானால் பூவலாற்றை வெட்டியது யார்? நாவலின் முதல் பக்கத்தில் ‘மனிதச் சுவடே இல்லாத நாடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் செங்கோதை வந்து இறங்கும் அன்றைக்கே ஆறு ஐந்தாகப் பிரிந்திருக்கிறது. அவர்களுக்கு முன்னால் அங்கே யாரோ இருந்திருக்கிறார்கள்.

பிரியும் இடத்தில், தண்ணீரைத் திருப்பிவிடும் ஒரு அணைக்கல்லைச் சின்னதாக வரைந்திருக்கிறேன். பெயர் எழுதவில்லை. வேண்டாமென்றால் அந்த லேயரை உருவிவிடலாம்.

விழாவுக்கு வருவது பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

ஜஸ்னா

*

பெங்களூரு
08.09.2024, ஞாயிறு

மாமா, ஒரு மாதமாகப் பதில் இல்லை. நான் எழுதியது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் திட்டியாவது எழுதுங்கள். அச்சகத்துக்கு போன் செய்தேன். “ஆளு சுகமாத்தான் இருக்காரு மக்கா, எங்கிட்டயும் முகம் குடுக்கல்ல” என்று ஞானதாசன் சார் சொன்னார். செப்டம்பர் அச்சு நின்றுபோனதாகவும் சொன்னார். என்னால்தானே?

ஜஸ்னா

*

கடித எண்: 4
நாள்: 03.10.2024, வியாழக்கிழமை, முற்பகல் 11.30
இடம்: இடலாக்குடி

அன்பு மருமகள் ஜஸ்னாவுக்கு, ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளைத் தருவானாக. நான் நலம். இவ்வளவு நாள் எழுதாதது என் பிழை. அதை வேறெவரின் பிழையாகவும் நீ கருத வேண்டாம்.

நீ சொன்னது முற்றிலும் சரி. கால் என்பது வெட்டப்பட்டது. அதன் கரையைக் காக்கவும் மடையைப் பழுதுபார்க்கவும்தான் அரசு எனக்குச் சம்பளம் கொடுத்தது. ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அவை அங்கே இருந்தன. மழையைப் போலவும் மலையைப் போலவும் அவையும் இருப்பவை என்றே எண்ணிப் பழகிவிட்டேன். கற்பனையில் ஒரு நாட்டைப் படைத்தபோதும் கை தானாக ஐந்து கால்களைப் போட்டது, வெட்டியவரை மறந்தது. நாவல் முழுதும் அந்த ஒரு வரியில் நிற்கிறது: ஆளில்லாத நாடு. அது போனால் நூறாண்டுக் கதையும் போகும். படத்தை மாற்றவும் மனமில்லை, கதையை மாற்றவும் வழி தெரியவில்லை. அச்சை நிறுத்தச் சொன்னேன்.

சென்ற 27.09.2024 வெள்ளியன்று நண்பகல், உன் படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து உட்கார்ந்திருந்தேன். சோற்றுப் பானையுடன் வந்த உன் உம்மா, வைக்க இடமில்லாமல் நின்றாள்.

“இது எந்த ஊரு காக்கா?”

கற்பனை ஊர் என்றேன்.

“ஆரு வரஞ்சது?”

பெங்களூரில் ஒரு பெண் என்றேன். அவள் பானையைத் தரையில் வைத்துவிட்டுப் போய்க் கண்ணாடியை எடுத்து வந்தாள். மலையிலிருந்து கடல் வரை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். சோறு ஆறியது. பிறகு, நான் முகம் கொடுக்காமல் திரிவது இதனால்தானா என்று கேட்டாள். முழுவதையும் சொன்னேன். ஆளில்லாத நாட்டில் யாரோ கால் வெட்டியிருக்கிறார்கள், ஆகவே என் கதை கெட்டது என்றேன்.

“ஆளில்லேன்னு நீங்க எழுதீட்டா ஆளில்லாம ஆயிருமா காக்கா? அவங்க அங்கதான் இருப்பாங்க. வந்தவங்க கண்ணுக்குப் படல்ல, அவ்வளவுதான்.”

இதைச் சொல்லிவிட்டு அவள் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நெடுநேரம் வெளியே வரவில்லை.

நான் அன்றே எழுதத் தொடங்கினேன். கதை கெடவில்லை, மருமகளே. இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. மலையில் ஒரு மக்கள் இருக்கிறார்கள். மலைமூத்தார் என்று பெயரிட்டிருக்கிறேன். கால் வெட்டியவர்கள் அவர்களே. கப்பலில் வந்தவர்கள் நூறாண்டு அவர்கள் வெட்டிய நீரைக் குடித்துக்கொண்டே நாடு வெறுமை என்று பாடுகிறார்கள். கை எழுதும் வேகத்துக்கு மனம் காத்திருக்க வேண்டியதாகிறது. ஞானதாசனிடம் டிசம்பர் என்று கேட்டிருக்கிறேன். அணைக்கல் இருக்கட்டும். மேலும் ஒரு லேயர் வேண்டும்: மலைமூத்தார் ஊர்கள்.

வீட்டிலிருந்து இரு கருத்துகள் கிடைத்துள்ளன. அப்படியே தருகிறேன்: “இவ்வளவு பெரிய ஊருல ஒரு சந்தையக் காணல்ல. மவுத்தானவங்கள அடக்கதுக்கு ஒரு மையவாடியும் காணல்ல. சாவாம, திங்காம இருக்கதுக்கு இவங்க என்ன மலக்குகளா?”

கமருதீன்

இணைப்பு: 1. திருத்திய முதல் ஆறு அத்தியாயங்கள். 2. மலைமூத்தார் ஊர்களின் பெயர்கள். மூன்றாவதும் ஏழாவதும் வீட்டில் வைத்த பெயர்கள்.

*

பெங்களூரு
13.10.2024, ஞாயிறு, காலை 8.10

மாமாவுக்கும் வீட்டுக்கும் ஸலாம்.

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் படித்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வானவர்களான மலக்குகளுக்குச் சிறகு உண்டு, சந்தை கிடையாது என்று பக்கத்து அறைப் பெண்ணிடம் சொல்லிச் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்விட்டேன்.

எல்லாம் வரைந்தாயிற்று. மலையில் ஒன்பது ஊர்கள், தூரத்திலிருந்து பார்த்தால் பாறை போலவே தெரியும். அதற்காகத்தான் இரண்டு வருடம் பாறை வரைந்தேன் போல. கப்பலிலிருந்து வந்தவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்பது படத்திலேயே புரியும். மையவாடி, கடல் காற்று படும் சரிவில். வீட்டில் வைத்த பெயர்களைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். ஞானதாசன் சாரிடம் சொல்ல வேண்டாம்.

சந்தையை வடகரையில், அணைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆற்றைக் கடக்க அங்கேதான் கல் இருக்கிறது. மலையிலிருந்து மிளகும் பலாவும் இறங்கும், கடலிலிருந்து மீன் ஏறும். சரியா என்று வீட்டிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

ஜஸ்னா

*

கடித எண்: 5
நாள்: 24.10.2024, வியாழக்கிழமை, பிற்பகல் 4.25
இடம்: இடலாக்குடி

அன்பு மருமகளுக்கு, சுகமும் சாந்தியும் நிலவட்டும். மழை பிடித்துக்கொண்டது. உன் உம்மாவுக்கு மூட்டில் தைலம் தேய்க்க நேரமில்லை. காரணம் இந்தப் படம்.

பாறை போன்ற ஊர்களைக் கண்டு ஞானதாசன் முதலில் அச்சுக் கறை என்று நினைத்துத் துடைக்கப் பார்த்தார். பிறகு உருப்பெருக்கியை வாங்கி, ஒன்பது ஊர்களையும் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

சந்தை விஷயத்தில் வீடு உடன்படவில்லை. சொன்னபடியே எழுதும்படி உத்தரவு:

“வடகரையில சந்தை வச்சா மீன் மேல ஏறி வந்து சேரும்போ நாறிப்போயிரும். தென்கரைதான் சரி, கடலுக்குப் பக்கம். இத வரஞ்சவ ஒருநாளும் மீன் வாங்கப் போயிருக்க மாட்டா.”

நான் இதில் கருத்துக் கூறவில்லை. பத்தொன்பது அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. செங்கோதை மலைமூத்தாரை முதன்முதலாகச் சந்திக்கும் அத்தியாயம் மட்டும் மீதி. அது சந்தையில் நிகழ்கிறது. ஆகவே கரையை விரைவில் முடிவு செய்தாக வேண்டும்.

இனி வீட்டு முகவரிக்கே எழுதலாம்.

கமருதீன்

இணைப்பு: அத்தியாயங்கள் 7 முதல் 19 வரை.

*

பெங்களூரு
10.11.2024, ஞாயிறு, பகல் 12.45

மாமாவுக்கும் வீட்டுக்கும் ஸலாம். அங்கே மழை விட்டதா? தைலத்தைத் தேய்க்கச் சொல்லுங்கள், படம் எங்கேயும் ஓடிப்போகாது.

வீட்டுக்கு என் பதிலையும் சொன்னபடியே வாசித்துக் காட்டுங்கள். நான் மீன் வாங்கப் போனதில்லை, உண்மைதான். யார் போகவிட்டார்கள்? “நீ போனா செத்து மூணு நாளான சாளையக்கூட துள்ளுதுன்னு வாங்கிட்டு வருவ” என்று கூடையைப் பிடுங்கியது யார்? வடகரைதான் சரி. மீன் நாறினால் கருவாடாக விற்கட்டும். தென்கரையில் சந்தை வைத்தால் கப்பல்காரர்கள் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்றுக்கொண்டிருப்பார்கள். மலைக்காரர்கள் கீழே இறங்கி வரவே மாட்டார்கள், இவர்களும் மேலே ஏறிப் பார்க்க மாட்டார்கள். இரண்டு பேரும் சந்திக்க அந்த ஒரு கல் மட்டும்தான் இருக்கிறது.

மற்ற எல்லாம் முடிந்தது. கடைசிப் படியை அனுப்பியிருக்கிறேன்.

மாமா, ஜூலையில் ஒன்று கேட்டேன். இனி உங்களிடம் கேட்கவில்லை. வீட்டிடம் கேட்கிறேன். நான் வரலாமா? விழாவுக்கு மட்டும் என்று இல்லை. நீங்கள் சமாதானமாக எதையும் எழுத வேண்டாம். வீடு என்ன சொல்கிறதோ அதை எழுதுங்கள். ஒன்றும் சொல்லவில்லையென்றால் அதையும் எழுதுங்கள்.

ஜஸ்னா

*

கடித எண்: 6
நாள்: 02.12.2024, திங்கட்கிழமை, முற்பகல் 10.50
இடம்: இடலாக்குடி, கோட்டாறு

அன்புள்ள மருமகள் ஜஸ்னாவுக்கு மாமா எழுதுவது. இறைவன் உன் பயணங்களை எளிதாக்குவானாக. என் உடல்நிலை பற்றி எழுத இன்று பொறுமையில்லை, நன்றாகவே இருக்கும்.

உன் கடிதம் 16.11.2024 சனிக்கிழமை கிடைத்தது. அன்றே முழுவதையும் சத்தமாக வாசித்தேன். சாளை விஷயம் வந்தபோது அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கடைசிப் பகுதியை வாசித்து முடித்தபோது அடுக்களைக்குள் போய்விட்டாள். அதன்பின் சந்தை பற்றியோ உன்னைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் அதையும் எழுதும்படி நீ கேட்டிருந்தாய். எழுத எனக்கு மனம் வரவில்லை.

நேற்று முற்பகல் ஞானதாசன் நேரில் வந்தார். எல்லாம் ஆயிற்று, சந்தை ஒன்றுதான் பாக்கி, எந்தக் கரையென்று இப்போதே சொன்னால் நாளைக்கே அச்சேற்றிவிடுவதாகச் சொன்னார். நான் வடகரை என்று சொல்ல வாயெடுத்தேன். உன் உம்மா அடுக்களை வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னாள்:

“காயிதத்துல எழுதி அனுப்பினா நான் ஒத்துக்கிட மாட்டேன். அவ இஞ்ச வரட்டும். வந்து, இந்த மேசையில படத்த விரிச்சு, எனக்க மூஞ்சியப் பாத்து வடகரைன்னு சொல்லட்டும்.”

“வந்து சொன்னா ஒத்துக்கிடுவீங்களாம்மா?” என்று ஞானதாசன் கேட்டார்.

“ஒத்துக்கிட மாட்டேன். தென்கரைதான். ஆனா வரட்டும்.”

ஞானதாசன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பொதுவாக ஒரு நாள் தாமதத்துக்கே பல்லைக் கடிக்கும் மனிதர், 20.12.2024 வெள்ளிக்கிழமை வரை அச்சை நிறுத்திவைப்பதாகத் தாமாகவே சொல்லிவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

ஆகவே நீ அதற்கு முன் வந்தாக வேண்டும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் பார். எந்த நாள், எந்தப் பெட்டி, வந்து சேரும் நேரம் என்ன என்பதை உடனே தெரிவி. நான் கோட்டாறு ரயில் நிலையத்தில் நிற்பேன். உன் உம்மாவும் வருவாளா என்று கேட்டேன். மூட்டுவலி என்றாள். பிறகு, எந்த நடைமேடை என்று கேட்டாள்.

செங்கோதை மலைமூத்தாரைச் சந்திக்கும் அத்தியாயத்தை நான் இன்னும் எழுதவில்லை. நீங்கள் இருவரும் முடிவு செய்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.

உன் மாமா,
கமருதீன்

இணைப்பு:
1. நிலப்படத்தின் அச்சுப்படி ஒன்று. சந்தை இரு கரையிலும் இடப்படவில்லை.
2. நூல் வெளியீட்டு அழைப்பிதழ், நாள்: 19.01.2025, ஞாயிற்றுக்கிழமை. ‘நிலப்படம்: ஜஸ்னா’ என்ற வரி சரிபார்க்கப்பட்டது.
3. தென்கரைக்கு ஆதரவாக உன் உம்மா கூறிய காரணங்கள், என் கையெழுத்தில், இரண்டு பக்கங்கள். மூன்றாம் பக்கத்துக்குரியவற்றை நேரில்தான் சொல்வாளாம். எனவே அது இணைக்கப்படவில்லை.